மச்சாளின் மட்டையும் என் மட்டையும்

ஒரு திங்கட்கிழமை காலை. எங்கள் ஊர் உப தபாலகத்தின் கருமபீடத்துக்குப் பின்னால் நின்று, ஒரு பார்சலைக் காதோடு சேர்த்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒளிந்து நிற்கத் தேவையிருக்கவில்லை. தபால் அதிபரே நான்தான். அந்த நேரம் உள்ளே இருந்தது நானும், ஒரு மேசை விசிறியும், ஓய்வூதியம் எடுக்க வந்து வாங்குப் பலகையிலேயே தூங்கிப்போன ஒரு பெரியவரும் மட்டும்.

பார்சல் தட்டையாக, ஒரு பாடசாலைக் கொப்பி அளவில் இருந்தது. வெளிநாட்டு முத்திரை. சுங்கச் சீட்டில், உள்ளே இருப்பது என்னவென்று மறைக்காமல் அச்சடித்திருந்தது: மேசைப்பந்து மட்டை, காபன், ஒன்று. பெறுநரின் பெயரைப் பார்த்ததும் குலுக்குவதை நிறுத்திவிட்டேன்.

பெறுநர் என் மச்சாள் சுகந்தி. என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் பகுதியின் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கிற குடும்பநல மாது. முதல் நாள் பின்னேரம்தான் ஊர் மண்டபத்தில் என்னை மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்கடித்துவிட்டு, கழுத்து வேர்வையைத் துடைத்தபடி சொல்லியிருந்தாள்:

"பெட்டில என்ன கிடக்கு புள்ள? கைதான் விளையாடுது."

எழுதும்போதுதான் மட்டை. கதைக்கும்போது எங்கள் ஊரில் அது பெட்.

கைதான் விளையாடுகிறதாம். அந்தக் கைக்கு, இரண்டு கடல் தாண்டி காபன் மட்டை வருகிறது.

ஓர் இடம், இரண்டு பேர்

இதை எழுதலாமா என்று மச்சாளிடம் கேட்டேன். சென்ற வாரங்களில் இந்தப் பத்தியில் நான் எழுதிய என் கலியாணக் கதையை வாசித்ததிலிருந்து, தன்னை எப்போது எழுதப்போகிறேன் என்று அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எழுது. ஆனா என்ட சேர்வ் நல்ல சேர்வ் எண்டும் எழுது" என்றாள். நல்ல சேர்வ்தான். எழுதிவிட்டேன்.

எங்கள் மண்டபம் வாவிக் கரையில் இருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு ஊருக்கு என்னென்னவோ வந்தன. கூடாரம் வந்தது, தையல் மெஷின் வந்தது, யாருக்கும் பொருந்தாத சப்பாத்துகள் வந்தன. கடைசியாக ஒரு மேசைப்பந்து மேசையும் வந்தது. அதை யார் கேட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு வருடம் அதில் அரிசி மூட்டை அடுக்கி வைத்திருந்தோம். பிறகு ஒருநாள் மூட்டைகளை இறக்கிவிட்டு யாரோ வலை கட்டினார்கள்.

கிழமைக்கு மூன்று நாள் பின்னேரத்தில் பெண்கள் விளையாடுவோம். நான் கற்றுக்குட்டியும் இல்லை, கெட்டிக்காரியும் இல்லை. பந்தை மேசையில் திருப்பிப் போடத் தெரியும். சுழற்றியும் அடிக்கத் தெரியும், அதில் பாதி மேசைக்கு வெளியே போகும். மச்சாளும் கிட்டத்தட்ட அதே தரம்தான். ஆனால் அந்தக் "கிட்டத்தட்ட"வுக்குள் அவள் எப்போதும் என்னைவிட இரண்டு புள்ளி முன்னால் நின்றாள்.

பிரதேச விளையாட்டு விழாவில் வெல்கிற ஒரேயொரு பெண்தான் மட்டக்களப்பில் நடக்கிற மாவட்டப் போட்டிக்குப் போகலாம். நான்கு வருடம் தொடர்ந்து போனது மச்சாள். நான்கு வருடமும் இறுதியாட்டத்தில் அவளிடம் தோற்றது நான். அந்த வாரச் சனிக்கிழமை ஐந்தாவது தடவை.

எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், விளையாட்டின் மேலுள்ள பற்றினால் அல்ல. ஒருமுறை, ஒரேயொருமுறை, மாவட்டப் போட்டிக்குப் போகும் காலையில் வென்றவளுக்குப் பிரதேசம் தருகிற நீல மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பில் நான் நிற்க, அவள் வந்து வழியனுப்ப வேண்டும். நாற்பத்துநாலு வயதில் இப்படி ஒரு ஆசை வரலாமா என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது.

அரசாங்க இரகசியம்

சிறிய தபாலகம் நடத்துகிறவளுக்கு ஊரின் பாதி மனம் தெரியும். யாருக்கு வெளிநாட்டிலிருந்து கடிதம் வருகிறது, யாருக்கு வருவது நின்றுவிட்டது, முடி கறுப்பாக்கும் எண்ணெயை யார் கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறார், எல்லாம் தெரியும். வாயைத் திறக்கக்கூடாது. இருபது வருடமாகத் திறக்கவும் இல்லை. அது ஒன்றுதான் என்னுடைய பெரிய நற்குணம் என்று நினைத்திருந்தேன்.

நடைமுறை இதுதான். பார்சல் வந்தால், வந்திருக்கிறது என்று ஒரு துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆள் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப்போவார்.

நான் துண்டை எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதி, என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். பார்சலை அலுமாரிக்குள், பழைய படிவங்களுக்குப் பின்னால் வைத்தேன். ஞாயிறு வரை அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். இருக்கிற மட்டையோடேயே என்னை மூன்றுக்குப் பூச்சியம் அடிக்கிறவள், காபனும் வந்தால் என்ன ஆவேன்?

செவ்வாய்க்கிழமை மச்சாள் ஸ்கூட்டியை நிறுத்தி, முத்திரை வாங்க உள்ளே வந்தாள். "கடிதம் கிடிதம் ஒண்டும் இல்லயா?" என்றாள். "இல்ல மச்சாள்" என்றேன். அது பொய்யில்லை. அவள் கேட்டது கடிதம், என்னிடம் இருந்தது பார்சல்.

அவள் போனபிறகு முகம் சுட்டது. அந்தச் சூட்டோடேயே, எனக்கும் ஒரு புது மட்டை வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

லத்தீப் காக்காவின் ஒரே கேள்வி

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு காத்தான்குடிக்கு பஸ் ஏறினேன். பெரிய வீதியில் பேரீச்ச மரங்களைத் தாண்டி, புடைவைக் கடைகளின் நெரிசலுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் லத்தீப் காக்காவின் விளையாட்டுச் சாமான் கடை. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கால்பந்து, தொப்பி, கோப்பை எல்லாம் விற்பார். ஆனால் அவருடைய உயிர் மேசைப்பந்து. கடையின் பின்னறையில் ஒரு மேசை உண்டு. விற்பதைவிட விற்கமாட்டேன் என்று சொல்வதில் அவருக்கு அதிக திருப்தி.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு காபன் மட்டையைக் காட்டி, "காக்கா, இது" என்றேன்.

அவர் அதைத் தொடவேயில்லை. பால் சேர்க்காத பிளேன்ரீ ஒன்று வரவழைத்து என் முன்னால் வைத்தார்.

"தங்கச்சி, வாற ஆக்கள் எல்லாரும் எந்த பெட்டால வெல்லலாம் எண்டுதான் கேக்கிற. நான் ஒண்டு கேக்கிறன். நீங்க எப்படித் தோக்கிற?"

இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். "நானே அடிச்சு வெளியில போட்டுத்தான் கூடுதலாத் தோக்கிறன்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு என்னத்துக்கு இன்னும் வேகம்? வெளியில போற பந்து இன்னும் கெதியாப் போகவா?"

என் பழைய மட்டையை வாங்கி, றப்பரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். வாவிக் காற்றும் என் கவனக்குறைவும் சேர்ந்து அதை மொசைக் தரை மாதிரி வழுவழுவென்று ஆக்கியிருந்தன. ஒரு பந்தை அதன்மேல் வைத்து இலேசாகச் சரித்தார். பந்து ஒரு பிடிப்பும் இல்லாமல் வழுக்கி விழுந்தது.

"மரம் நல்ல மரம். அஞ்சு அடுக்கு, முழுக்க மரம். பந்து படுறது கைக்குத் தெரியும். அத மாத்த வேணாம். றப்பர் செத்துப் போச்சு. அத மட்டும் மாத்துங்க. றப்பருக்கு அடியில வாற பஞ்சு ரெண்டு மில்லிக்குக் கீழ. தடிச்ச பஞ்சு ஒவ்வொரு நாளும் பழகிற ஆக்களுக்கு. நீங்க கிழமைக்கு எத்தின நாள்?"

"மூணு."

"அதில ஒரு நாள் கதைச்சே போயிரும்" என்றார். எங்கள் மண்டபத்துக்கு அவர் வந்ததேயில்லை. எப்படித் தெரிந்ததோ.

நான் பிளேன்ரீயை உறிஞ்சிக்கொண்டு, யாரையும் பற்றியல்லாமல் கேட்கிற குரலில் கேட்டேன்: "காக்கா, ஒரு ஆள். நடுத்தரம். நல்ல வேகமான காபன் பெட் ஒண்டு எடுக்கிறார். எடுத்த கிழமையே மெச் விளையாடினா?"

லத்தீப் காக்கா சிரித்தார். "மூணு மாசத்துக்கு அவர் பழைய அவர விட மோசமா விளையாடுவார். பந்து பட்ட உடன போயிரும். கைக்கு யோசிக்க நேரமில்ல. அவருக்கு எதிரா விளையாடுற ஆள் ஆரெண்டு சொல்லுங்க, ஒரு வாழ்த்துச் சொல்லுவம்."

பிளேன்ரீ புரையேறியது.

இரண்டு நாளாக அலுமாரிக்குள் ஒளித்து வைத்து, நான் மச்சாளுக்குச் செய்துகொண்டிருந்தது துரோகமில்லை. உபகாரம். அந்தப் பார்சலை அவசரமாக ஒப்படைக்க வேண்டியது என் கடமை.

சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டு றப்பர் துண்டுகளைச் சுற்றித் தந்தார். ஒட்டுகிற பசை மட்டும் கையிருப்பில் இல்லை. அடுத்த கிழமை வரும் என்றார். "அதுவரைக்கும் பொறுங்க. சைக்கிள் டியூப் ஒட்டுற சொலுசன் கிலுசன் பூசிராதீங்க" என்று சந்து முனை வரை வந்து எச்சரித்தார்.

கையெழுத்து வைக்கவும்

வியாழன் பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. நான் பார்சலையும் பதிவுப் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, உத்தியோகத் தோரணையோடு உள்ளே போனேன்.

"மச்சாள், உங்களுக்கு ஒரு வெளிநாட்டுப் பார்சல். அவசரமா இரிக்கும் எண்டு நானே கொண்டு வந்தன். இதில ஒரு கையெழுத்து."

மச்சாளின் முகம் ஒரு கணம் என்னவோ ஆனது. பிடிபட்டுவிட்ட வெட்கம் என்று நான் நினைத்தேன், உள்ளுக்குள் குளிர்ந்தேன். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். உடைக்கச் சொன்னார்கள். உடைத்தாள். உள்ளே பளபளவென்று ஒரு மட்டை. ஆளுக்காள் வாங்கிப் பார்த்தார்கள்.

"சனிக்கிழம இதாலதானே அக்கா?" என்றாள் ஒருத்தி.

"ஓம், பின்ன" என்றாள் மச்சாள். சத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது.

இருபது வருடச் சேவையில் இவ்வளவு மனநிறைவோடு நான் ஒரு பொருளையும் ஒப்படைத்ததில்லை.

என் வீட்டுக்காரரின் அன்பு

இப்போது என் மட்டையின் கதைக்கு வருகிறேன். லத்தீப் காக்கா எதையெல்லாம் பூசக்கூடாது என்று சொன்னாரோ அதை நாங்கள் பூசவில்லை. அவர் சொல்ல மறந்ததைப் பூசினோம்.

என் வீட்டுக்காரர் பைபர் படகு திருத்துகிறவர். பவளப் பாரில் மோதி வெடித்த படகை, அடுத்த பௌர்ணமிக்கு முன் கடலில் இறக்கிவிடுவார். வெள்ளி காலை நான் இரண்டு றப்பரையும் மேசையில் வைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"ஒட்டுறதுக்குத்தானா இந்த யோசின? நான் ஒட்டித் தாறன். நீ வேலைக்குப் போ."

பின்னேரம் வந்தபோது மட்டை சாப்பாட்டு மேசையில், ஒரு பழஞ்சீலையின் மேல் வைக்கப்பட்டிருந்தது. ஓரமெல்லாம் அரம் போட்டு வழவழப்பாக்கியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "பத்து வருசம் கடலில கிடந்தாலும் கழண்டு போகாது" என்றார்.

பந்தை எடுத்துத் தட்டினேன். சிவப்புப் பக்கம் பரவாயில்லை. கறுப்புப் பக்கம் தட்டினால் டொக் என்றது. பந்து எழும்பவே இல்லை.

"இஞ்சருங்க, என்னத்தப் பூசினீங்க?"

"படகுக்குப் பூசிற றெசின்தான். கறுப்பில முதல் போட்டன், கொஞ்சம் கூடிப்போச்சு. சிவப்பில அளவாப் போட்டன்."

றெசினைப் பஞ்சு முழுக்கக் குடித்து, இறுகிப் பலகையாகிவிட்டது. மட்டையின் நிறையும் ஏறியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். நான்கு வருடம் காத்திருந்து, ஒருவழியாகப் புத்தியோடு ஒரு தெரிவு செய்தால், அதைப் படகாக்கி வைத்திருக்கிறார் இந்த மனிசன். அவர் பக்கத்தில் நின்று, "சுரண்டிப் பாக்கட்டா?" என்று கேட்டார். சுரண்டினால் மரமும் சேர்ந்து வரும் என்பது அவருக்கே தெரியும்.

மண்டபத்துப் பொது மட்டைகளில் ஒன்றுக்குப் பிடி இல்லை, மற்றதற்கு றப்பர் இல்லை. வேறு வழியில்லை.

சனிக்கிழமை

விசிறிகளை நிறுத்தி, வாவிப் பக்கக் கதவைச் சாத்தினார்கள். விளையாட்டு உத்தியோகத்தர் இரண்டு மட்டைகளையும் பார்த்தார். சிவப்பு இருக்கிறதா, கறுப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

முதல் ஆட்டத்திலேயே மச்சாளின் பந்துகள் பறந்தன. அவள் மெல்லத் தொட்டாலும் மேசையைத் தாண்டி மேடைத் திரையில் போய்ப் பட்டன. ஒன்று புள்ளி எழுதிய பிள்ளையின் மடியில் விழுந்தது. லத்தீப் காக்காவை மனதுக்குள் வணங்கினேன்.

ஆனால் என் பாடும் பெரும்பாடுதான். தோள் கழன்றுவிடும் போல மட்டை கனத்தது. கறுப்புப் பக்கத்தில் பட்ட பந்து வலைக்கு மேலால் போகவே யோசித்தது. போன பந்துகளோ, அந்தப் பக்கம் விழுந்ததும் அப்படியே சோர்ந்துவிட்டன. மச்சாள் வேகத்தை எதிர்பார்த்து மட்டையை வீசுவாள், பந்து அங்கே வந்தே இருக்காது. அவளுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்ததை அன்றுதான் கண்டேன்.

பார்க்கச் சகிக்காத ஆட்டம். நீளமாக ஒரு அடிபாடும் இல்லை. ஒன்று அவள் வெளியே அடித்தாள், அல்லது நான் வலையில் போட்டேன். இரண்டுக்கு இரண்டு என்று வந்து, ஐந்தாவது ஆட்டத்தில் பத்துக்குப் பத்து. கடைசிப் புள்ளியில் அவளுடைய பந்து கூரைக் கைமரத்தில் பட்டது.

நான் குதித்தேன். அந்த வயதில், அந்த உடம்போடு, எல்லோருக்கும் முன்னால் குதித்தேன். சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம்.

மச்சாள் வந்து கைகொடுத்தாள். பிறகு என் மட்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தாள். ஊர்ப் பிள்ளைகளைத் தராசில் நிறுத்து நிறுத்துப் பழகிய கை.

"தம்பிதானே ஒட்டினவன்?" என்றாள். தலையாட்டினேன்.

ஒப்புக்கொண்டது

அன்று பின்னேரம் அவள் வீட்டுக் குசினியில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சந்தோசம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்கவில்லை. திங்கட்கிழமையே பார்சல் வந்ததையும், ஒளித்ததையும், பிறகு காக்கா சொன்னதைக் கேட்டு ஓடிவந்து கொடுத்ததையும் சொன்னேன்.

மச்சாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். திங்கக்கிழம பின்னேரமே போனுக்கு மெசேஜ் வந்தது, தபால் கந்தோருக்கு வந்திட்டெண்டு."

"அப்ப ஏன் கேக்கல்ல?"

"கேட்டாத் தந்திருப்பாய். தந்தா ஆக்கள் காணுவாங்க. கண்டா, அதாலதான் விளையாடச் சொல்லுவாங்க. நான் அத எடுத்தது மழைக்காலம் முழுக்கப் பழகி அடுத்த வருசம் விளையாட. சனிக்கிழம முடியுமட்டும் நீ ஒளிச்சு வைப்பாய் எண்டு நம்பிக்கொண்டிரிந்தன்."

மீன் சட்டித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ என்னடா எண்டா புத்தகமும் பேனையுமா வந்து நிக்கிறாய், நாலு பேருக்கு முன்னால."

என் கெட்ட குணத்தை நம்பியிருந்தவளை, என் கடமையுணர்ச்சி கவிழ்த்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை.

மாவட்டப் போட்டி இடத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன் என்று இந்த இடத்தில் எழுத ஆசை. வாசிப்பவர்களுக்கும் நன்றாக இருக்கும். விட்டுக்கொடுக்கவில்லை. நீல மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பில் நின்றேன். மச்சாளும் வந்தாள். ஆனால் வழியனுப்ப அல்ல, என்னோடு பஸ் ஏற.

மட்டக்களப்பில்

அங்கே நடுவர் வேறு மாதிரி மனிதர். என் மட்டையை வாங்கினார். கறுப்புப் பக்கத்தை நகத்தால் தட்டினார். டொக் என்றது. இன்னொருமுறை தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "இது என்ன அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். மட்டை என்றேன். இதால் விளையாட ஏலாது என்று அதே மரியாதையோடு திருப்பித் தந்தார்.

என் ஆட்டத்துக்குப் பெயர் கூப்பிட இன்னும் பத்து நிமிடம்.

மச்சாள் தன் பையைத் திறந்து பழைய மட்டையை எடுத்தாள். காபன் அல்ல. என்னை நான்கு வருடம் அடித்த, பிடியில் சேர்ஜிக்கல் பிளாஸ்டர் சுற்றிய, அந்தப் பழைய மட்டை. "இந்தா. இதால அடி" என்றாள்.

அந்த மட்டையைக் கையில் பிடித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இனி யார் வந்தாலும் வரட்டும் என்று தோன்றியது. நான்கு வருடம் அதன் வலிமையை எதிர்ப்பக்கத்தில் நின்று அனுபவித்தவள் நான்.

எதிரே வந்தது, பல்லில் கம்பி போட்ட ஒரு பாடசாலைப் பிள்ளை. என்னை "அன்ரி" என்று கூப்பிட்டு வணக்கம் சொல்லிவிட்டு, மூன்றுக்குப் பூச்சியம் என்று அடித்து, திரும்பவும் வணக்கம் சொன்னது. எல்லாம் கால் மணித்தியாலத்துக்குள் முடிந்தது.

வாங்கில் வந்து இருந்தேன். மச்சாள் தண்ணீர்ப் போத்தலைத் தந்தாள். "உங்கட பெட்டுக்கு நான் மானக்கேடு செஞ்சு போட்டன் மச்சாள்" என்றேன்.

அவள் மட்டையை வாங்கி, சேலை நுனியால் துடைத்து, உறைக்குள் போட்டாள்.

"இல்ல புள்ள. அது இஞ்ச முதல் றவுண்டத் தாண்டினதே இல்ல."

நான் அவளைப் பார்த்தேன். நான்கு வருடமும் இதே போட்டிக்கு வந்துவிட்டு, வீட்டுக்கு வந்து காலிறுதியில்தான் தோற்றேன் என்று சொன்னவள். அவள் தம்பி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நானும் ஆறு மாதம் நித்திரை இல்லாமல் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

"அப்ப காலிறுதி?"

"அது பஸ்ஸில வரக்குள்ள யோசிக்கிறதுதான்" என்றாள் மச்சாள். "அரையிறுதி எண்டா போட்டோ கேப்பாங்க. காலிறுதி எண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

பொழுதுபட வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் வாசல் படலையிலேயே நின்றார். கை முழுக்க றெசின்.

"என்ன, எதுவரைக்கும் போன?" என்றார்.

"காலிறுதி" என்றேன்.

அவர் நம்பமுடியாமல் தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம் தம்பி" என்றாள் மச்சாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "கடைசி கேமில கொஞ்சம் அவசரப்பட்டுட்டா. இல்லாட்டி அரையிறுதி."